150 பேர் பேட்ச்: லாக் புக் கையெழுத்தும் உள்மதிப்பீட்டு மார்க்கும் நம்பும்படி இருக்க என்ன செய்யலாம்?

வெண்ணாறு (கேள்வி)

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி, ஆண்டுக்கு 150 இடம். பொது மருத்துவத் துறையும் மருத்துவக் கல்வி அலகும் சேர்ந்து, மூன்றாம் கட்டம் இரண்டாம் பகுதி மாணவர்களின் உள்மதிப்பீட்டைச் சீர்செய்ய நினைக்கிறோம். 2019 பேட்சிலிருந்து திறன்சார் பாடத்திட்டம் நடப்பில் இருக்கிறது. லாக் புக் (மாணவர் செய்த திறன்களைப் பதிந்து ஆசிரியர் கையெழுத்திடும் ஏடு), ஏட்காம் (மருத்துவ அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் கற்பிக்கும் வகுப்பு), ஸ்கில் லேப் (மாடலில் பழகும் கூடம்), பாடத்திட்டக் குழு எல்லாம் உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் கேட்கும் ஆவணங்களிலும் குறையில்லை. ஆனால் "இந்த மாணவர் இந்த வேலையைச் செய்வார்" என்று அந்த மார்க்கை வைத்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று இடத்தில் சிக்கல். லாக் புக்கை போஸ்டிங்கின் (வார்டுப் பயிற்சிக் காலத்தின்) கடைசி வாரத்தில் அடுக்காகக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறார்கள். ஓ.எஸ்.சி.இ. (மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றி வந்து திறனைச் செய்து காட்டும் தேர்வு) வைக்க ஆள் போதாது என்று லாங் கேஸ், ஷார்ட் கேஸ் (ஒரு நோயாளியை நீளமாகவோ சுருக்கமாகவோ பரிசோதித்துச் சொல்வது), வைவாவோடு (வாய்மொழித் தேர்வு) நின்றுவிடுகிறோம். அதிலும் எக்ஸாமினரைப் பொறுத்து மார்க் மாறுகிறது. எம்.சி.க்யூ. (விருப்ப விடைக் கேள்வி) தாளை அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்து ஒட்டுகிறோம், தேர்வு முடிந்தபின் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

துறையில் பேராசிரியர் முதல் சீனியர் ரெசிடென்ட் வரை 18 பேர். இந்த ஆட்களை வைத்து நடக்கக்கூடிய வழி வேண்டும். 20 எக்ஸாமினர், 20 ஸ்டேஷன் என்ற புத்தகக் கணக்கு இங்கே உதவாது.

---

குடமுருட்டி

18 பேர் போதும். ஓ.எஸ்.சி.இ. ஆள் பற்றாக்குறையால் நிற்பது குறைவு, அட்டவணை தப்பாகப் போடுவதால் நிற்பதுதான் அதிகம்.

8 ஸ்டேஷன் வையுங்கள். ஒவ்வொன்றும் 5 நிமிடம், மாற 1 நிமிடம். எட்டில் 5 மட்டும் எக்ஸாமினர் நின்று பார்க்கும் ஸ்டேஷன். மீதி 3 எழுதும் ஸ்டேஷன்: மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., ஒரு லேப் ரிப்போர்ட்டோ மருந்துச் சீட்டோ. இதையே மூன்று சர்க்யூட்டாக (இதே எட்டு ஸ்டேஷன் கொண்ட மூன்று வட்டமாக) ஒரே நேரத்தில் ஓட்டினால் எக்ஸாமினர் 15 பேர். மணி அடிக்க ஒருவர் வேண்டும். மாடல், பேப்பர் மாற்றி வைக்க சர்க்யூட்டுக்கு ஒரு சி.ஆர்.ஆர்.ஐ. (ஹவுஸ் சர்ஜன்) போதும்.

இனி எல்லாரும் சறுக்கும் இடம். 8 ஸ்டேஷன், 3 சர்க்யூட் என்றால் ஒரு சுற்றில் 24 பேர். 150 பேருக்கு 7 சுற்று வரும், கடைசிச் சுற்றில் வெறும் 6 பேருக்காக 15 எக்ஸாமினர் காத்து நிற்க வேண்டும். எனவே சர்க்யூட்டுக்கு ஒரு ஓய்வு ஸ்டேஷனைச் சேருங்கள். ஒரு நாற்காலி, ஒரு குடிதண்ணீர் பாட்டில், வேறு ஒன்றும் வேண்டாம். இப்போது ஒரு சுற்றில் 27 பேருக்கு இடம், சுற்றுக்கு 54 நிமிடம். 150 பேரை நாளுக்கு 75 என்று இரண்டு நாளாகப் பிரித்து, சுற்றுக்கு 25 பேரை அனுப்பினால் நாளுக்கு 3 சுற்று. சுற்றுகளுக்கு நடுவே 10 நிமிட இடைவெளியோடு மொத்தம் 182 நிமிடம். காலை 8:45க்குத் தொடங்கினால் 12 மணிக்குள் முடிந்துவிடும். பிற்பகல் வார்டு வேலை கெடாது. எக்ஸாமினர் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எழுதும் ஸ்டேஷனையும் பார்க்கும் ஸ்டேஷனையும் மாற்றி மாற்றி வையுங்கள். மூன்று எழுத்து ஸ்டேஷனும் அடுத்தடுத்து வந்தால், முதலில் முடித்த மாணவர் எழுந்து அடுத்த மேசையை எட்டிப் பார்ப்பார். விடைத்தாளை மாணவர் கையோடு எடுத்துப் போக விடாதீர்கள். ஸ்டேஷனிலேயே மூடிய பெட்டி இருக்கட்டும். மணி மூன்று தடவை: தொடங்க ஒன்று, 4ஆவது நிமிடத்தில் எச்சரிக்கை, முடிக்க ஒன்று.

கேள்வி கசிவது பற்றி: ஒரே நாளின் சுற்றுகளுக்கு, முதல் சுற்று முடித்தவர்கள் வெளியேறுமுன் அடுத்த சுற்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு வாசல் உள்ள ஹாலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் நாளுக்கு எழுத்து ஸ்டேஷன்களை முழுதாக மாற்றிவிடுங்கள். செய்முறை ஸ்டேஷனை மாற்ற வேண்டியதில்லை. இன்ட்ரா மஸ்குலர் ஊசி போடச் சொல்வார்கள் என்று முன்பே தெரிந்த மாணவர் இரவு முழுக்கப் பழகிக்கொண்டு வந்தால் அதில் யாருக்கு என்ன நட்டம்?

எக்ஸாமினரைப் பொறுத்து மார்க் மாறுவதற்கு வழி இது. தேர்வுக்கு முதல் நாள் 30 நிமிடம். ஒரு சி.ஆர்.ஆர்.ஐ. அந்த ஸ்டேஷனைச் செய்து காட்டட்டும், வேண்டுமென்றே இரண்டு பிழையோடு. அந்த ஸ்டேஷனின் மூன்று எக்ஸாமினரும் தனித்தனியாக மார்க் போட்டு ஒப்பிடுங்கள். 20க்கு 2 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் குற்றம் செக்லிஸ்ட்டின் சொற்களில் இருக்கும். "சரியாகப் பரிசோதித்தார்" என்ற வரி ஆளுக்கு ஒரு பொருள் தரும். "நான்கு இடத்திலும் முன்புறம், பின்புறம் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுக் கேட்டார்" என்ற வரி தராது.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூன்று சர்க்யூட்டின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மாணவர்களைக் குலுக்கிப் போட்டுப் பிரித்திருந்தால் (ரோல் நம்பர் வரிசை வேண்டாம்) மூன்று சராசரியும் நெருங்கியே இருக்க வேண்டும். ஒரு சர்க்யூட்டில் 14, இன்னொன்றில் 10 என்றால் அது மாணவர் வித்தியாசம் இல்லை. அந்த எண்ணை அந்த எக்ஸாமினரிடம் மட்டும் தனியே காட்டுங்கள், துறைக் கூட்டத்தில் வேண்டாம். கூட்டத்தில் காட்டிவிட்டால் அடுத்த முறை எல்லாரும் எல்லாருக்கும் 13 போடுவார்கள்.

---

பொதுமருத்துவம்_தஞ்சை

குடமுருட்டி சாரின் அட்டவணை சரி. அந்த 5 ஸ்டேஷனில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் தரமே இருக்கிறது. பொதுவான புத்தக ஸ்டேஷன்களை எடுத்து வைக்காமல், இந்த ஊர் அவசரப் பிரிவில் முதல் இரவே கைக்கு வரும் கேஸ்களை வையுங்கள். டெல்டாவில் அது பாம்புக்கடியும் பூச்சிமருந்து விஷமும்.

பாம்புக்கடிக்கு ஒரு முழு ஸ்டேஷன் அமைக்கும் விதம் சொல்கிறேன். 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனையை (ரத்தத்தைக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது) 5 நிமிட ஸ்டேஷனில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். இரண்டாக உடையுங்கள். மேசையில் நான்கு குழாய்: ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு ஈ.டி.டி.ஏ. குழாய் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உள்ளது), உள்ளே ஈரம் தெரியும் கண்ணாடிக் குழாய், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய். மாணவர் கடைசியதை எடுக்க வேண்டும். கை மாடலில் ரத்தம் எடுத்து 2 மில்லி விட வேண்டும், நேரத்தைக் குழாயிலேயே எழுத வேண்டும், ஆடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். அதோடு முதல் பாதி முடிந்தது. உடனே எக்ஸாமினர் "20 நிமிடம் ஆகிவிட்டது" என்று சொல்லி, சிவப்புச் சாயம் கலந்த நீர் உள்ள இன்னொரு குழாயைத் தருகிறார். மாணவர் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்து, உறையவில்லை என்று சொல்லி, அடுத்து என்ன என்று எழுத வேண்டும்.

இதில் நான்கு இடத்தில் விழுகிறார்கள்.

ஒன்று, குழாய். பிளாஸ்டிக்கிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலோ உறைதல் சரியாகத் தூண்டப்படாது. நல்ல ரத்தமும் உறையாமல் நின்று, தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறும். ஏன் கண்ணாடி என்று ஒரு வரி கேளுங்கள். மனப்பாடம் செய்தவரும் புரிந்தவரும் அங்கே பிரிந்துவிடுவார்கள்.

இரண்டு, பொறுமை. 5 நிமிடத்தில் எடுத்து ஆட்டிப் பார்ப்பது, 10 நிமிடத்தில் இன்னொரு முறை ஆட்டிப் பார்ப்பது.

மூன்று, குழந்தை. கேஸில் வயது 6 என்று போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் எடைக்கு ஏற்ப டோஸைக் குறைப்பார்கள். பாம்பு பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு விஷத்தைத்தான் இறக்குகிறது, எனவே பாலிவேலன்ட் விஷமுறிவு மருந்தின் ஆரம்ப டோஸ் இருவருக்கும் ஒன்றே: 10 குப்பி, சலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடத்தில். குழந்தைக்குக் குறைவது சலைன் அளவு மட்டும்.

நான்கு, ஒவ்வாமை. சொட்டு தொடங்கும் முன் அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும்: பெரியவருக்கு 1:1000 கரைசலில் 0.5 மி.கி. தசைக்குள், குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. தோலில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லும் மாணவருக்கு அங்கே மார்க் இல்லை. அந்தச் சோதனை ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்லாது, நேரத்தைத்தான் தின்னும்.

இந்த ஸ்டேஷனுக்கு ஒரு ஜோடி வையுங்கள். விடியற்காலை, தரையில் படுத்திருந்தவர், வயிற்று வலி, இமை கவிழ்கிறது, கடித்த தடம் தெரியவில்லை, 20 நிமிடப் பரிசோதனையில் ரத்தம் உறைந்துவிட்டது. கட்டுவிரியன் என்று சொல்லாமல் "இரைப்பை அழற்சி, வீட்டுக்கு அனுப்பலாம்" என்று எழுதினால் அது நேரே தோல்வி. மற்ற வரிகளில் எத்தனை மார்க் இருந்தாலும் சரி. ஒவ்வொரு செக்லிஸ்ட்டிலும் இப்படி ஒன்றோ இரண்டோ "தவறினால் தோல்வி" வரி இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம், யாருமே தேற முடியாமல் போய்விடும்.

ஆர்கனோபாஸ்பேட் (பூச்சிமருந்து விஷம்) ஸ்டேஷனுக்கு ஆளே வேண்டாம், எழுதும் ஸ்டேஷனாகவே வைக்கலாம். 5 நிமிட இடைவெளியில் நாடி, ரத்த அழுத்தம், நெஞ்சுச் சத்தம், கண்மணி, அக்குள் ஈரம் ஐந்தையும் எழுதிய தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மாற்று மருந்தான அட்ரோபின் எவ்வளவு என்று நிரப்பச் சொல்லுங்கள். ஒரு ஆம்பூலில் 0.6 மி.கி. முதல் டோஸ் 3 முதல் 5 ஆம்பூல், பலன் போதாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. நெஞ்சு தெளிய வேண்டும், நாடி 80க்கு மேல், சிஸ்டாலிக் 80க்கு மேல். நாடி 110 வந்துவிட்டது என்று நெஞ்சில் இன்னும் கரகரப்பு இருக்கும்போதே நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. தாளின் மூன்றாவது வரியில் அதையே பொறியாக வையுங்கள்.

லாங் கேஸை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு நோயாளியிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வரலாறு எடுப்பதை 5 நிமிட ஸ்டேஷன் எதுவும் அளக்காது. ஆனால் இன்று நாம் லாங் கேஸில் அளப்பது, மாணவர் கேஸை ஒப்பிப்பதைத்தான். எக்ஸாமினர் அந்த 45 நிமிடத்தில் 10 நிமிடமாவது கட்டிலருகே நின்று பார்க்க வேண்டும்.

---

வெண்ணாறு

குடமுருட்டி சார், தஞ்சை டாக்டர், இருவருக்கும் நன்றி. ஓய்வு ஸ்டேஷன் கணக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஐயம். ஸ்டேஷனே கடினமா, மாணவர்தான் தேறவில்லையா என்று எப்படிப் பிரிப்பது? ஒரு ஸ்டேஷனில் 70 பேர் தோற்றால் டீனுக்கு என்ன சொல்வது?

---

குடமுருட்டி

செக்லிஸ்ட்டின் அடியில் ஒரு கட்டம் சேருங்கள்: மொத்தத்தில் இந்த மாணவர் எப்படி? 1 தேறவில்லை, 2 விளிம்பு, 3 தேறினார், 4 நன்று. எக்ஸாமினர் செக்லிஸ்ட்டைக் கூட்டிப் பார்க்கும் முன்பே இதைப் போட்டுவிட வேண்டும். பிறகு எக்செலில் ஒரு நெடுவரிசையில் செக்லிஸ்ட் மார்க், அடுத்ததில் இந்த 1 முதல் 4. ஃபோர்காஸ்ட் சூத்திரத்தில் x இடத்தில் 2 கொடுத்தால், விளிம்பு மாணவர் அந்த ஸ்டேஷனில் எடுக்கக்கூடிய மார்க் வந்துவிடும். 20க்கு 10 என்று நாம் வைத்திருக்க, அது 13 காட்டினால் ஸ்டேஷன் எளிது. 7 காட்டினால் கடினம், அல்லது செக்லிஸ்ட்டில் இந்தக் கட்டத்து மாணவரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டிருக்கிறோம். 150 பேர் இருப்பதால் இந்தக் கணக்கு நிலையாக வரும், 20 பேர் பேட்சில் செய்யாதீர்கள்.

பல்கலைக்கழகத் தேர்வின் தேர்ச்சி எல்லையை நாம் தொட முடியாது. இது உள்மதிப்பீட்டு ஸ்டேஷனைத் திருத்திக்கொள்ள மட்டும்.

---

கேள்விவங்கி

எம்.சி.க்யூ. பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

தாள் போடும் முன் ஒரு கட்டம் வரையுங்கள். இடப்பக்கம் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: எவ்வளவு அடிக்கடி வருகிறது (1 முதல் 3), தவறவிட்டால் எவ்வளவு ஆபத்து (1 முதல் 3). இரண்டையும் பெருக்குங்கள். எல்லாத் தலைப்பின் பெருக்கலையும் கூட்டி, அதில் இந்தத் தலைப்பின் பங்கு எவ்வளவோ அவ்வளவு கேள்வி. நீரிழிவு 3 × 3 = 9. அரிய மரபணு நோய் 1 × 1 = 1. இதைச் செய்தால் போதும், ஒருவருக்குப் பிடித்த சப்ஜெக்டிலிருந்து 12 கேள்வி வருவது நின்றுவிடும். இந்த எண்களை ஒருவர் மட்டும் போடக்கூடாது, துறையில் மூவராவது தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுங்கள்.

தேர்வுக்குப் பின் செய்ய வேண்டியது ஒரு பிற்பகல் வேலை. 150 பேரையும் மொத்த மார்க் வரிசையில் அடுக்கி மேல் 27 சதவீதம், கீழ் 27 சதவீதம் எடுங்கள். 150க்கு அது 40, 40. ஒவ்வொரு கேள்விக்கும் மேல் 40இல் சரியாக எழுதியவர், கீழ் 40இல் சரியாக எழுதியவர் என இரண்டு எண் மட்டும் வேண்டும். இரண்டையும் கூட்டி 80ஆல் வகுத்தால் கடினத்தன்மை (எண் கூடினால் கேள்வி எளிது). கழித்து 40ஆல் வகுத்தால் பிரித்தறியும் திறன். மேலே 32, கீழே 12 என்றால் கடினத்தன்மை 55 சதவீதம், பிரித்தறிதல் 0.5. நல்ல கேள்வி, வங்கியில் போடுங்கள். 30 முதல் 70 சதவீதக் கடினத்தன்மையும் 0.25க்கு மேல் பிரித்தறிதலும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 0.2க்குக் கீழே போனால் திருத்தாமல் மறுபடி வைக்க வேண்டாம்.

மைனஸில் வந்தால், அதாவது நன்றாகப் படித்தவர்கள் தவறாகவும் படிக்காதவர்கள் சரியாகவும் எழுதியிருந்தால், முதலில் விடைக்குறியைச் சரிபாருங்கள். பெரும்பாலும் குறி தவறாக இருக்கும், அல்லது வழிகாட்டுதல் மாறிப்போயிருக்கும். அந்தக் கேள்வியை நீக்கி மார்க்கைத் திரும்பக் கணக்கிட்ட பிறகே பட்டியலை ஒட்டுங்கள். ஒட்டியபின் திருத்தினால் மாணவர் நம்பிக்கை போய்விடும்.

எளிதென்று எல்லாக் கேள்வியையும் தூக்கி எறியவும் வேண்டாம். அட்ரினலின் அளவு பற்றிய கேள்வியை 95 சதவீதம் பேர் சரியாக எழுதினால் அது யாரையும் பிரிக்காது, ஆனால் இருக்க வேண்டிய கேள்வி. அதைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.

தவறான விருப்பங்களையும் பாருங்கள். 150 பேரில் 7 பேரோ அதற்கும் குறைவானவரோ தேர்ந்த விருப்பம் இடத்தை அடைக்கிறதே தவிர வேலை செய்யவில்லை. நான்கு விருப்பத்தில் இரண்டு இப்படி இருந்தால் அது "சரியா, தவறா" கேள்விக்குச் சமம். "மேற்கண்ட அனைத்தும்" என்பதை அடியோடு விட்டுவிடுங்கள்: இரண்டு விருப்பம் சரி என்று தெரிந்தாலே விடை கைக்கு வந்துவிடும். சரியான விடை மட்டும் நீளமாக இருப்பதும் அதே வகைப் பிழை, அதைக் கண்டுபிடிக்க மருத்துவம் தெரிய வேண்டியதில்லை.

---

அரசலாறு

லாக் புக்குக்கு வருகிறேன், எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஓ.எஸ்.சி.இ. ஆண்டுக்கு இரண்டு நாள். லாக் புக் ஆண்டு முழுக்க ஓடுகிறது. அதில் பொய் இருந்தால் மாணவர் முதலில் கற்றுக்கொள்வது பொய்க் கையெழுத்தைத்தான். நாளைக்கு அவரே கேஸ் ஷீட்டில் எடுக்காத ரத்த அழுத்தத்தை 120/80 என்று எழுதுவார்.

ஆணையத்தின் வடிவிலேயே போதுமான நெடுவரிசைகள் இருக்கின்றன: முதல் முயற்சியா, மறுமுயற்சியா, ரெமடியலா (தேறாதவருக்கான மறுபயிற்சி), எதிர்பார்ப்புக்குக் கீழேயா, நிகரா, மேலேயா, ஆசிரியர் முடிவு, தேதியோடு கையெழுத்து, பின்னூட்டம் பெற்றதற்கு மாணவர் கையெழுத்து. எல்லா வரியும் "முதல் முயற்சி, நிகர், முடிந்தது" என்று இருக்கும் லாக் புக்கை மட்டும் சந்தேகப்படுங்கள். மனிதர் கை அப்படிக் கற்றுக்கொள்வதில்லை.

தணிக்கை செய்யும் முறை. மாதம் 15 லாக் புக், குலுக்கல் முறையில். ஒவ்வொன்றிலும் செய்முறைத் திறன் சான்றிதழ் வரிகளை மட்டும் பாருங்கள், தேதி வாரியாக எண்ணுங்கள். பிறகு ஒரே ஆசிரியர் ஒரே நாளில் எத்தனை பேருக்கு எத்தனை திறனைச் சான்று செய்திருக்கிறார் என்று கூட்டுங்கள். ஒரு திறனைப் பார்த்துப் பின்னூட்டம் சொல்ல 10 நிமிடம் என்று வைத்தால் 30 பேருக்கு 300 நிமிடம். அன்றைய வார்டு வகுப்பு 2 மணி நேரம்தான். 120 நிமிடத்தில் 300 நிமிட வேலை நடந்திருக்காது, இதில் வாதிட ஒன்றுமில்லை. அன்று அந்த ஆசிரியர் விடுப்பிலோ நைட் டியூட்டிக்கு மறுநாளிலோ இருந்தாரா என்று வருகைப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். இதை ஒருவரைப் பிடிக்கச் செய்ய வேண்டாம். எண்ணாமல் யாரும் நிற்க மாட்டார்கள் என்பதால் செய்யுங்கள்.

அடுக்கு அடுக்காகக் கையெழுத்து வருவதற்குக் காரணமும் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு திறனுக்கும் சமமான முக்கியத்துவம் தருகிறோம், 18 பேரால் அது முடியாது. பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து, கண்ணால் பார்க்காமல் கையெழுத்திடவே கூடாத 12 திறன்களைப் பிரித்தெடுங்கள். என் பட்டியல் என்றால் சிரை வழி ஊசி ஏற்றுதல், தசை ஊசி, ரத்தம் எடுத்தல், ஈ.சி.ஜி. எடுத்தல், இதய நுரையீரல் உயிர்ப்பு, ஆக்சிஜன் மாஸ்க், நெபுலைசர், மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், விரல் நுனி சர்க்கரை, 20 நிமிட உறைவு, மருந்துச் சீட்டு எழுதுதல். மற்றவற்றைக் குழுவாகச் செய்து காட்டிக் கையெழுத்திடலாம்.

அந்த 12க்கும் கையெழுத்து நாள் ஒன்று நிர்ணயியுங்கள். போஸ்டிங்கின் ஒவ்வொரு வியாழனும் கடைசி 45 நிமிடம், யூனிட்டில் இருக்கும் 12 முதல் 15 மாணவரில் 4 பேர் மட்டும். கடைசி வாரத்தில் யாருக்கும் கையெழுத்துக் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு விதியே அடுக்கை உடைத்துவிடும்.

---

சமூகமருத்துவம்_மன்னார்குடி

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

முதலாவது பருவம். இங்கே நோய் மழையையும் வயலையும் பார்த்து வருகிறது. எலிக்காய்ச்சலும் டெங்கும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரிலிருந்து. ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்) குளிர்ந்த மாதங்களில். பூச்சிமருந்தும் பாம்புக்கடியும் தெளிக்கிற, அறுக்கிற பருவத்தை ஒட்டி. குறுவை அறுப்பும் சம்பா அறுப்பும் தனித்தனி அலை. ஆனால் போஸ்டிங் சுழற்சி காலண்டரைப் பார்த்து ஓடுகிறது. மே மாதம் மருத்துவ வார்டுக்கு வரும் குழு ஒரு எஸ்காரைக்கூட (அந்தக் கடியில் வரும் கருத்த பொருக்கு) பார்க்காமல் போகும், நவம்பரில் வரும் குழு நான்கு பார்க்கும். இருவருக்கும் ஒரே தேர்வு. இது மாணவர் கையில் இல்லாத வித்தியாசம்.

யூனிட் வாரியாக ஒரு கேஸ் வரைபடம் போடுங்கள். 25 முக்கிய நோய்கள் இடப்பக்கம், மாணவர் குழுக்கள் மேலே. நேரில் பார்த்த குழுவுக்கு மட்டும் டிக். மாதக் கடைசியில் காலியாக உள்ள கட்டங்களை எடுத்து, மழைக்காலத்தில் அந்தக் குழுவை எந்தத் துறை போஸ்டிங்கில் இருந்தாலும் மாலை 5 முதல் 7 வரை இருவர் இருவராக வார்டுக்கு அழையுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளியின் உடலில் எஸ்காரைத் தேடுவதை அங்கே கற்பிக்கலாம்: அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடி, விதைப்பை. சேலையோ வேட்டியோ விலக்காமல் அது தெரியாது. தேவைப்படும் இடத்தில் செவிலியரோ பெண் மாணவரோ உடன் நிற்க வேண்டும், நோயாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். ஏட்காம் வகுப்பில் படித்தது கைக்கு வரும் இடம் இதுதான்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இலிருந்து இயங்குகிறது, திருவாரூர் 2010இல் வந்தது, நாகப்பட்டினம் 2022இல். பழைய ஆஸ்பத்திரிக்கே போகும் பழக்கம் சுற்றுவட்டார மக்களுக்கு உண்டு. புதிய கல்லூரிகளில் சில வகை கேஸ் குறைவாக இருப்பது இயல்பு. குறைவை ஒப்புக்கொண்டு வரைபடத்தில் காலியாகக் காட்டினால்தான் அதை நிரப்ப முடியும்.

இரண்டாவது மொழி. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, 150க்கு 22 பேருக்கு மேல். பலருக்குத் தமிழ் வராது. அடிப்படைப் பயிற்சிக் காலத்தில் கொஞ்சம் வகுப்பு நடக்கிறது, பிறகு அந்தக் குழுவில் ஒரு தமிழ் மாணவர் மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறார். ஓ.எஸ்.சி.இ.யில் வரலாறு கேட்கும் ஸ்டேஷனைத் தமிழில் மட்டும் நடத்துங்கள், முதலாண்டிலேயே அறிவித்துவிட்டு. நடிக்கும் நோயாளிக்கு எழுதிக் கொடுக்கும் வசனம் பாடநூல் தமிழாக இருக்கக்கூடாது. "மேலுக்கு முடியல, கிறுகிறுன்னு வருது, வயித்தால போவுது, ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிச்சு" என்றே பேசட்டும். பாம்பை இரவில் பூச்சி என்று சொல்லும் வழக்கம் தெரியாதவர், தமிழராகவே இருந்தாலும், அந்த ஸ்டேஷனில் பூச்சிக்கடி என்று எழுதிவிடுவார். நடிப்பதற்கு ஆஸ்பத்திரி ஊழியரை எடுக்க வேண்டாம், அவருக்கு மாணவர் தேட வேண்டிய விடை தெரியும். ஒரே ஆளை இரண்டு நாளும் பேச விடாதீர்கள். 25 பேருக்கு மேல் போனால் அலுத்துப்போய் கேட்காத விடையைத் தானே சொல்லிவிடுவார். சர்க்யூட்டுக்கு ஒருவர் என்று வைத்து, இரண்டாம் நாள் ஆளை மாற்றுங்கள்.

---

வெண்ணாறு

12 திறன் பட்டியலை வரும் பாடத்திட்டக் குழுவில் வைக்கிறேன். கடைசியாக ஒன்று, அரசலாறு மேடம். வியாழக்கிழமை பார்வையில் தேறாதவருக்கு என்ன செய்வது? ரெமடியல் என்றால் இங்கே "அடுத்த வாரம் வா" என்பதோடு முடிகிறது.

---

அரசலாறு

அதே நாள் லாக் புக்கில் "கீழே" என்று போட்டுவிடுங்கள். இரக்கப்பட்டு வெறுமையாக விடாதீர்கள், வெறுமை அடுத்த வாரம் "நிகர்" ஆகிவிடும். எந்தப் படியில் தவறியது என்று ஒரே வரி எழுதுங்கள்: "டூர்னிக்கே கழற்றாமல் ஊசியை எடுத்தார்" என்பது போல. ஏழு நாளுக்குள் ஸ்கில் லேபில் ஒரு சி.ஆர்.ஆர்.ஐ. முன் மூன்று முறை தொடர்ந்து பிழையில்லாமல் செய்ய வேண்டும். இடையில் தவறினால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அந்தத் தாளோடு 14ஆவது நாளுக்குள், முதல் முறை பார்த்த ஆசிரியர் அல்லாத வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டும். அவரிடமும் தவறினால் துறைத் தலைவருக்குப் போகட்டும், அந்தப் போஸ்டிங் முடிந்ததாகக் கணக்கில் வராது.

ஸ்கில் லேப் மாலை 4 முதல் 6 வரை திறந்திருக்க வேண்டும், சாவி யாரிடம் என்று கதவிலேயே எழுதியிருக்க வேண்டும். கை மாடலின் தோலை நூற்றுக்கணக்கான குத்துக்குப் பின் மாற்ற வேண்டும். ஒழுகும் மாடலில் பழகினால் சிரை கிடைத்த உணர்வே மாணவர் விரலுக்குப் பிடிபடாது. நான்கு உதிரித் தோலாவது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஸ்டோரில் இன்டென்ட் போட்டு வர ஒரு காலாண்டாவது ஆகும்.